கோட்டையிலிருந்து நம் வாசல் வரை



நம் ஊரில் ஆட்டோ ஏறி "கோட்டைக்குப் போங்க" என்றால் மலைக்கோட்டை அடிவாரத்தில் இறக்கிவிடுவார்கள். இந்தக் கட்டுரையில் வருவது அந்தக் கோட்டை அல்ல. சென்னையில் சட்டமன்றம் கூடும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. நமக்கும் அதற்கும் சுமார் 420 கிலோமீட்டர். அங்கே பேசப்படுவது இங்கே எப்படி வந்து சேர்ந்தது, யாருக்கு வந்து சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்பதுதான் இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

இதை எழுத வைத்தது சென்ற பொதுக்குழுக் கூட்டம். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். லிஃப்ட் பராமரிப்பு, போர்வெல் மோட்டார், பார்க்கிங் சண்டை எல்லாம் முடிந்து டீ வந்த நேரத்தில் பி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார்: "அடுக்குமாடி வீடுகளுக்குப் புதுச் சட்டம் வந்திருக்காமே, யாருக்காவது தெரியுமா?" அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அதில் ஒருவர் வக்கீல்.

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022. அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 1994ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் இது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும் என்றிருந்த நிலை மாறி, மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் போதும் என்கிறது. உங்கள் வீட்டின் தலையெழுத்தை மாற்றக்கூடிய ஒரு வரி. அது நமக்கு வந்து சேர்ந்தது ஒரு டீ இடைவேளையில்.

"எம்.எல்.ஏ. சொல்லியிருக்க வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். "எந்தக் காலத்தில் சொன்னார்கள்?" என்று இன்னொருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது. ஏனென்றால் அது முழு உண்மை அல்ல. சொன்ன காலம் இருந்தது. கொஞ்சம் தேடிப் படித்ததில் எனக்குப் பட்டது இது: கோட்டைச் செய்தி திண்டுக்கல்லுக்கு வராமல் இருந்ததே இல்லை. ஆனால் அது கட்சி வழியாக வந்தது. ஏதாவது ஒரு கொடிக்கம்பத்தின் கீழ் நின்றவருக்குக் கிடைத்தது. நம்மைப் போல எந்தக் கொடிக்கும் கீழே நிற்காமல், ஓட்டு மட்டும் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவர்களுக்கு ஒரு வழி இன்னும் சரியாகப் போடப்படவில்லை.

முதலில் இருந்து வருவோம். 1919ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டப்படி 1920 இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. மாகாணத்தில் 4 கோடிக்கு மேல் மக்கள். ஓட்டுரிமை இருந்தவர்கள் சுமார் 12½ லட்சம் பேர். நிலமோ வரியோ இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. உரிமை இருந்தவர்களிலும் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான் வந்து போட்டார்கள். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் அல்ல, மதுரை மாவட்டத்தில் ஒரு தாலுகா. இந்த மாவட்டத்தின் உத்தமபாளையத்தைச் சேர்ந்த பி.டி. ராஜன் அந்தத் தேர்தலிலேயே நீதிக்கட்சி சார்பில் மன்றத்துக்குள் போனார். பின்னாளில், 1936இல் சில மாதங்கள் மாகாணத்தின் முதன்மை அமைச்சராகவும் இருந்தார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அந்தக் குடும்பம் மறுபடி வரும்.

அந்தக் கால உறுப்பினர் தன் தொகுதிக்குத் தகவல் சொல்வது பெரிய வேலையே இல்லை. வாக்காளர்கள் மிராசுதார்கள், வக்கீல்கள், வியாபாரிகள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பாதித் தொகுதியைப் பார்த்துவிடலாம். மன்றத்தில் பேசியதோ ஆங்கிலத்தில். சிறுமலை அடிவாரத்தில் உழுதவருக்கும், ஊருக்குள் பூட்டு ராவியவருக்கும் அந்தப் பேச்சில் இடமும் இல்லை, அது அவர்கள் காதில் விழ வழியும் இல்லை.

அந்தக் காலத்திலும் ஒருவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டைக்காரர். 1927இல் மன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று பெயர் பெற்றவர். மன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆனார். அவருக்குத் தொகுதி கிடையாது, நியமன உறுப்பினர். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்லாதவர். அப்படிப்பட்டவர் 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார். அதே ஆண்டில், சட்டமன்ற உறுப்பினராக என் அனுபவம் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். சட்டமன்றத்தில் தான் எதற்காக உழைத்தேன் என்று அவரே எழுதி வைத்த பதிவு அது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டத்துக்காக அவர் தொடங்கிய போராட்டம் 1947இல்தான் சட்டமாக முடிந்தது. இருபது வருட இடைவெளி. ஒரு சட்டம் எப்படி நகர்கிறது, எங்கே முட்டி நிற்கிறது என்பதை உள்ளே இருந்தவர் எழுதி வைத்தால்தான் வெளியே இருப்பவருக்குத் தெரியும். என் கணக்கில், பிரதிநிதி எழுதிய அறிக்கை என்ற வகைக்கு நம் மாநிலத்தில் அதுதான் பாட்டி. ஒரே குறை, அது ஆங்கிலத்தில் இருந்தது.

1952க்கு வந்தால் எல்லாம் தலைகீழ். 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு. ஆனால் 1951 கணக்கெடுப்பின்படி இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அச்சடித்த அறிக்கையால் யாருக்கு என்ன பயன்? செய்தி வாயால்தான் போக வேண்டும். அதனால்தான் நம் அரசியல் மேடையில் வளர்ந்தது. பேச்சாளருக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தக் காலத்தைப் பற்றி இரண்டு வழிகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் கட்சி வழிகள். நம் இதழில் கட்சி பேசக் கூடாது என்பது செயலாளரின் கண்டிப்பு. நானும் கட்சி பேசவில்லை, வரலாறு சொல்கிறேன்.

ஒன்று, கடித வழி. அண்ணா 1955 முதல் தன் 'திராவிட நாடு' இதழில் 'தம்பிக்கு' என்று கடிதங்கள் எழுதினார். 1957 தேர்தலில் தி.மு.க. முதன்முதலாக நின்று 15 இடங்கள் பெற்றபோது அவர் காஞ்சிபுரத்தின் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். நாட்டு நடப்பும் அரசியலும் அந்தக் கடிதங்கள் வழியாக வீட்டுப் பேச்சு மாதிரி ஊருக்குள் வந்தன. அதே தேர்தலில் குளித்தலையில் ஜெயித்த மு. கருணாநிதி, சட்டமன்றத்தில் பேசிய முதல் பேச்சே தன் தொகுதியின் நங்கவரம் விவசாயிகள் பிரச்சினை பற்றியது. அவர் பின்னாளில் 'உடன்பிறப்பே' என்று ஆயிரக்கணக்கில் எழுதினார். இந்தக் கடிதங்கள் எங்கே படிக்கப்பட்டன? படிப்பகங்களில். தெருமுனையில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, இரண்டு பத்திரிகைகள். படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், பீடி சுற்றுபவரும் சைக்கிள் கடைக்காரரும் கேட்பார்கள். கோட்டையில் நடந்தது பேட்டைக்கு வந்தது அப்படித்தான்.

இன்னொன்று, நம் ஊர் வழி. திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்கள் 1973 இடைத்தேர்தலையும் இரட்டை இலையையும் சொல்வார்கள். அது நாடாளுமன்றத் தொகுதி, வேறு கதை. சட்டமன்றத் தொகுதியைப் பாருங்கள்: 1967இல் ஏ. பாலசுப்பிரமணியம், 1977லும் 1980லும் என். வரதராஜன், 1989இல் எஸ்.ஏ. தங்கராஜன், 2001, 2006, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை கே. பாலபாரதி. ஏழு முறை மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நகரத் தொகுதிகள் அதிகம் இல்லை. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தோல் பதனிடும் ஆலைகள், நூற்பாலைகள், பூட்டுப் பட்டறைகள் என்று இது தொழிலாளர் ஊர். ஆலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் வாயிற்கூட்டம், சாயந்தரம் தெருமுனைக் கூட்டம், கையில் ஒரு துண்டறிக்கை, மதுரையிலிருந்து வரும் 'தீக்கதிர்'. சட்டமன்றத்தில் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்பது தொழிலாளிக்கு வாசலிலேயே சொல்லப்பட்டது.

மணிக்கூண்டுப் பக்கம் நடந்த கூட்டங்களைச் சிறுவனாக இருந்தபோது கேட்ட ஞாபகம் எனக்கு உண்டு. பேசியவர்கள் யார், எந்தக் கட்சி என்பதெல்லாம் மறந்துவிட்டது. மஞ்சள் நோட்டீஸ், கரகரக்கும் மைக் செட், கூட்டம் முடிந்ததும் வாங்கித் தின்ற வேர்க்கடலை இவைதான் மிச்சம். ஆனால் ஒன்று மறக்கவில்லை. பேசி முடித்தவரிடம் கீழே நின்ற ஒருவர், "நம்ம தெருக் குழாய் என்னாச்சுங்க?" என்று சத்தமாகக் கேட்டார். மேடை அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் பார்க்கும் எந்தப் பேச்சிலும் அந்த வசதி இல்லை, கவனித்தீர்களா?

இந்த வழிகளை நான் உயர்த்திப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அவற்றில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தன் கட்சி செய்ததுதான் வரும், செய்யாமல் விட்டது வராது. ஆளும் கட்சிப் படிப்பகத்தில் எதிர்க்கட்சியின் கேள்வி இருக்காது. அவர் படித்தது ஒரு சட்டமன்றம், எதிர்வீட்டுக்காரர் படித்தது வேறொரு சட்டமன்றம்.

நடுநிலையாகச் சொல்ல வேண்டிய பத்திரிகைகளுக்கோ வேறு தொல்லை. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு. மேடையில் இருக்கும் இரண்டு பேரில் பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்பது அதன் சாரம். உரிமை மீறல் என்று சொல்லி, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது சட்டமன்றம். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் ஓரிரு நாளில் விடுதலை செய்தார்கள். அவர் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார். 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தொகை சின்னது, தீர்ப்பு பெரியது. 2003இலும் 'தி இந்து' ஆசிரியர் குழுவினருக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று மன்றம் தீர்மானித்து, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சட்டமன்ற நடவடிக்கையை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 361ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்பது உண்மை. ஆனாலும் இப்படி இரண்டு சம்பவம் நடந்தால் எந்த நிருபருக்கும் பேனா கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

இதுவரை சொன்னது சுவாரசியமான பழங்கதையாக உங்களுக்குத் தோன்றலாம். தகவல் வராமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. குடிநீருக்காக நாம் கேன் வாங்குகிறோம், லாரிக்குப் போன் போடுகிறோம். ஏன் நம் கிணற்று நீர் இப்படி ஆனது?

தோல் ஆலைகள் இந்த ஊருக்குச் சோறு போட்டன, அதை மறைக்கக் கூடாது. அதே ஆலைகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கியது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு. திண்டுக்கல், பெத்தியார்சத்திரம் என்று தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கும் நம் ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று கிணறு.

இந்த எண்ணை நாம் எங்கே படிக்கிறோம் தெரியுமா? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில். நம்மைப் போன்ற ஒரு குடிமக்கள் சங்கம், அதுவும் வேலூரில் இருப்பது, டெல்லிக்குப் போய் வழக்குப் போட்டு, அதில் திண்டுக்கல் கிணறுகளின் கணக்கு பதிவானது. அந்தத் தீர்ப்பு திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். நம் குடத்துக்கு வந்த கேட்டை உலகமே படித்தது. கணக்கு முறையாக ஒவ்வொரு ஆண்டும் தொகுதிக்குச் சொல்லப்பட்டிருந்தால், 350 என்று ஆகும் வரை காத்திருந்திருப்போமா? கிணறு கெட்டது ஒரே நாளில் அல்லவே.

பிறகு சில கதவுகள் திறந்தன. 1997இல் தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் அறியும் சட்டம் போட்டது, நாட்டிலேயே முன்னோடி. 2005இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 2003 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, வழக்கு, படிப்பு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றானது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் உறுப்பினர் வீட்டில் எத்தனை பவுன் நகை, எந்த வங்கியில் எவ்வளவு கடன் என்பது நமக்குத் தெரியும். நமக்காக மன்றத்தில் எத்தனை கேள்வி கேட்டார் என்பது தெரியாது. வேட்புமனுவுக்குச் சட்டம் இருக்கிறது, ஐந்து வருட வேலைக்கு அறிக்கை தரச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை.

சட்டம் சொல்லாமலே செய்தவர் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். முன்பு சொன்ன பி.டி. ராஜனின் பேரன் பழனிவேல் தியாகராஜன். அவருடைய தந்தை பழனிவேல்ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்தவர். பேரன் 2016இல் மதுரை மத்தியத் தொகுதியில் ஜெயித்தார், எதிர்க்கட்சி வரிசை. ஆண்டுதோறும் தன் செயல்பாட்டு அறிக்கையை அச்சிட்டுத் தொகுதி மக்கள் முன் வைத்தார். தொகுதி நிதி எங்கே செலவானது, மன்றத்தில் என்ன பேசினேன் என்ற விவரங்களோடு. அவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது அவரவர் விருப்பம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, அது கட்சித் தம்பிக்கு எழுதிய கடிதம் அல்ல என்பது. அவருக்கு ஓட்டுப் போடாதவரும் அதை எடுத்துப் படிக்கலாம், இது நடக்கவில்லையே என்று விரல் வைத்துக் கேட்கலாம். மதுரை மத்தியக்காரருக்குக் கிடைத்த ஒன்று, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் நமக்குப் பழக்கமே இல்லை.

வெளிநாடுகளில் இதற்கு அரசே வழி செய்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1775 முதலே மக்கள் பிரதிநிதியின் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம், அவர் கையெழுத்தே போதும். அதையே தேர்தல் பிரசாரமாக்கிவிடக் கூடாது என்பதால் தேர்தல் நெருங்கும் நாள்களில் மொத்தமாக அனுப்பத் தடை. பிரிட்டனில் 2007இல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதியோடு தொடர்புகொள்ள ஆண்டுக்கு 10,000 பவுண்டு ஒதுக்கினார்கள். சுயவிளம்பரத்துக்குப் போகிறது என்று குறை எழுந்து 2010இல் அதை நிறுத்திவிட்டார்கள். மக்கள் பணத்தில் அறிக்கை போட்டால் முதல் பக்கம் முழுக்க அவர் படம்தான் இருக்கும் என்ற பயம் நமக்கு மட்டும் உரியது அல்ல. சிங்கப்பூர் வழி எனக்குப் பிடித்தது. 1955இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் மக்களை நேரில் சந்திக்கும் நேரம் என்று தொடங்கினார். இன்றும் அங்கே உறுப்பினர்கள் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து குறை கேட்கிறார்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளம்! நம்மிடம் அது இருக்கிறது, இரண்டு பழைய சைக்கிளும் ஒரு உடைந்த டிரெட்மில்லும் கிடக்கின்றன.

இங்கேயும் அண்மையில் சில மாற்றங்கள். 2021 ஆகஸ்டில் காகிதமில்லாத பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் அன்றைய நிதியமைச்சர், அதே பழனிவேல் தியாகராஜன்தான். 2022 ஜனவரி 6 அன்று சட்டமன்றத்தின் கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையில் வந்தது. மக்களவைக்கு 2006 முதல் தனித் தொலைக்காட்சியே இருந்ததை நினைத்தால் தாமதம்தான், ஆனாலும் வந்தது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுநாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி எழுதித் தரச் சொன்னார். எல்லாக் கட்சியினருக்கும். அது நல்ல யோசனை. ஆனால் நம் தொகுதியின் அந்தப் பத்து எவை என்று நம் வளாகத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நானும் கேட்டேன், தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பட்டியல் நம்மைக் கேட்டு எழுதப்பட்டதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று. நம்மில் எத்தனை பேர் போனோம் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன், நானும் போகவில்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் முடிந்ததும் ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வரும். அப்போது அந்தந்த அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் யாரும் இலவசமாக எடுக்கலாம். நகராட்சி நிர்வாகம், குடிநீர், வீட்டுவசதி எல்லாத் துறைக்கும் உண்டு. சாலை, குடிநீர் என்று போகிற போக்கில் நாம் புலம்புவதற்கெல்லாம் அதில் திட்டத்தின் பெயரும் தொகையும் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் போய்க் கேட்பவரிடம் எந்த அலுவலகத்திலும் பேச்சின் தொனியே வேறு. நம் ஊர்ப் பக்கங்களை மட்டும் எடுத்து ஒரு தாளில் தருவதற்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நாள்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் என்ன வேலை, எந்தத் தெருவில் என்பதைப் பரிந்துரைப்பவர் உறுப்பினர். பட்டியல் ரகசியமல்ல, ஆனால் வாக்காளர் வீட்டுக்கு வருவதும் இல்லை. ஊர் விரிந்துவிட்டது. 1866இல் நகராட்சி ஆன திண்டுக்கல் 2014இல் மாநகராட்சி ஆனது. எல்லையைத் தாண்டினால் ஆத்தூர், நத்தம், வேடசந்தூர் தொகுதிகள் தொடங்கிவிடும். நம் வளாகத்திலேயே வாடகைக்கு வந்த சிலர் தாங்கள் எந்தத் தொகுதி என்று தெரியாமல் இருக்கிறார்கள். படிப்பகத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பீடித் தொழிலாளிக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்காது.

படிப்பகம் போய்விட்டது, வாயிற்கூட்டம் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் நமக்கு வந்திருப்பது வாட்ஸ்அப் குழு. அதில் காலை வணக்கம் வருகிறது, காணாமல் போன பூனையின் படம் வருகிறது. தேர்தல் சமயத்தில் யார் எழுதியது என்றே தெரியாத ஃபார்வேர்டு வருகிறது. பழைய படிப்பகத்தில் சொன்னவரின் முகமாவது தெரிந்திருந்தது.

செயற்குழுவில் பேசி ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம், நம் சட்டமன்ற உறுப்பினருக்கு. அவர் எந்தக் கட்சி என்பது கடிதத்தில் எங்கும் வராது. கேட்டிருப்பது நான்கே விஷயங்கள்: இந்தக் கூட்டத்தொடரில் தொகுதிக்காகக் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும், தொகுதி நிதியில் எடுத்த பணிகளின் பட்டியல், அரசுக்குக் கொடுத்த பத்துக் கோரிக்கைகளின் இன்றைய நிலை, அடுக்குமாடிச் சட்டம் பற்றி ஒரு பக்கத் தமிழ் விளக்கம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தந்தால் இந்த இதழிலேயே அப்படியே வெளியிடுவோம் என்றும், கீழ்த்தளத்தில் மேசை போட இடம் உண்டு என்றும் எழுதியிருக்கிறோம். டிரெட்மில்லை எடுக்கும் பொறுப்பு ஏ பிளாக்குக்கு.

கடிதம் செக்யூரிட்டி அறையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது. படித்துப் பார்த்து, திருத்தம் இருந்தால் பென்சிலால் குறித்து, வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம்.